காலண்டர் தாளில் எழுதிய காய்ச்சல்

நோயில் படுத்திருக்கும் நாட்களை டைரியாக எழுதச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. போன ஐப்பசியில் எனக்கு டெங்கு. பாலக்கோட்டில் வீடு. நாலு நாள் கட்டிலை விட்டு எழவில்லை. எதிரே 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு கொடுத்த இலவச கலர் டிவி. இன்னும் ஓடுகிறது, என்ன, ஆட்கள் எல்லாம் பச்சையாகத் தெரிவார்கள். டெங்கு கொசு பகலில்தான் கடிக்கும் என்று அதில் விளம்பரம் ஓடிக்கொண்டே இருந்தது. நாங்கள் ராத்திரிக்கு மட்டும் கொசுவலை கட்டியவர்கள்!

டைரியெல்லாம் என்னிடம் கிடையாது. கிழித்த காலண்டர் தாளின் பின்னால் காய்ச்சல் எவ்வளவு, மாத்திரை எத்தனை மணிக்கு என்று கிறுக்கி வைத்தேன், அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் சூடு இறங்கியது. விட்டது சனியன் என்று தர்மபுரிக்குப் பஸ் ஏறிவிட்டேன். பக்கத்து சீட்டில் முன்பின் தெரியாத ஒரு அம்மா. பற்களில் பழுப்புக் கோடு. ஒகேனக்கல் தண்ணீர் வருவதற்கு முன்னால் ஃப்ளோரைடு கலந்த போர்வெல் தண்ணீரைக் குடித்து வளர்ந்த எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதுதான் அடையாள அட்டை. என் முகத்தைப் பார்த்தவர், "ஏம்ப்பா, வயிறு வலிக்குதா?" என்றார். வலித்தது. "சூடு இறங்குன பொறவுதான் சாக்கிரதையா இருக்கணும். எம்பேரனுக்கும் இப்படித்தான் ஆச்சு" என்றவர், பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தார்.

ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) குறைந்திருந்தது. டாக்டர் முதலில் வாங்கிப் பார்த்தது அந்தக் காலண்டர் தாள்களைத்தான்.

அந்த அம்மாவின் பேரைக் கேட்கத் தோன்றவில்லை. ஆட்டோ காசும் அவரே கொடுத்திருந்தார்.