உண்மை விளக்கம்: கத்தி பட்டால் தோற் புற்றுநோய் திரும்பி வருமா?

“கத்தி பட்டால் தோற் புற்றுநோய் பரவும், விளிம்பு பார்த்து வெட்டினாலும் திரும்பி வரும், பச்சிலை கட்டுவதே மேல்” என யாழ்ப்பாணத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் தகவல் தவறானது, ஆபத்தானதும்கூட.

விளிம்பு பார்த்து வெட்டும் முறையான மோஸ் சத்திரசிகிச்சையில், அகற்றிய இழையத்தின் அடியும் ஓரமும் முழுமையாக நுணுக்குக்காட்டியில் ஆராயப்பட்டு, புற்றுக்கலங்கள் எஞ்சியுள்ள இடம் மட்டும் மீண்டும் வெட்டப்படுகிறது. முகத்தில் முதன்முறை தோன்றிய, அடித்தளக் கலப் புற்றுநோய் எனும் தோற் புற்றுநோய் வகையில் இதனை வழமையான சத்திரசிகிச்சையுடன் ஒப்பிட்டு, நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வில், 10 ஆண்டுகளில் நோய் திரும்பிய வீதம் முறையே 4.4, 12.2 சதவீதமாக இருந்தது.

திரும்பி வந்தால் அதற்குக் காரணம் கத்தியன்று. நரம்பு வழியே ஓடியோ, தொடர்பறுந்த சிறு கூட்டங்களாகவோ தப்பிய கலங்களே. வயலிலும் கடலிலும் பல்லாண்டு வெயில் பட்ட தோலில் வேறோர் இடத்தில் புதிதாகத் தோன்றும் புற்றையும், பழையது பரவியதாகவே பலர் எண்ணிவிடுகின்றனர். என்னை மிகவும் கவலைப்படுத்துவது பச்சிலையே: மேற்புறம் ஆறியதுபோல் தோன்ற, அடியில் புற்று வளர்ந்துகொண்டிருக்கலாம்.

விளிம்பு தெளிவு, அதாவது வெட்டிய ஓரங்களில் புற்றுக்கலங்கள் காணப்படவில்லை என்ற அறிக்கை கிடைத்தபின்பும் கிளினிக் செல்வதை நிறுத்தலாகாது. தழும்பில் ஆறாத புண், பளபளப்பான மேடு, இரத்தக் கசிவு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அடுத்த தவணைவரை காத்திராமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.