பீட்டில்ஸ் தங்கள் பாடலைச் சப்பாத்து விளம்பரத்துக்கு விற்றனரா?

கோடீஸ்வரர்களான பின்னரும் ஆசை அடங்காத பிரித்தானிய இசைக்குழுவான பீட்டில்ஸ் குழுவினர், 'ரெவொலூசன்' பாடலை 1987ஆம் ஆண்டு நைக்கி சப்பாத்து விளம்பரத்துக்குத் தாங்களே விற்றனர் என்றொரு தகவல், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதி இசை ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பகிரப்படுகிறது. பாடல் அவ்விளம்பரத்தில் ஒலித்தது உண்மை. குழுவினர் விற்றனர் என்பது தவறு. குழு 1970இலேயே கலைந்துவிட்டது. அதன் உறுப்பினர் ஜோன் லெனன் 1980இல் கொல்லப்பட்டார்.

பாடலின் வரிகளுக்கும் மெட்டுக்குமான வெளியீட்டு உரிமை வேறு, அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவின் உரிமை வேறு. லெனன், சக உறுப்பினர் போல் மக்கார்ட்னி இருவரின் பாடல்களின் வெளியீட்டு உரிமையை வைத்திருந்த நோர்தர்ன் சோங்ஸ் நிறுவனம், அவர்கள் எதிர்த்துப் போராடியும், 1969இல் ஏரிவி நிறுவனத்தின் கைக்குச் சென்றது. அந்த உரிமைகளையே 1985இல் மைக்கேல் ஜாக்சன் ஏறத்தாழ 475 இலட்சம் டொலருக்கு வாங்கினார். ஒலிப்பதிவோ ஈஎம்ஐ நிறுவனத்திடம் இருந்தது. ஆகவே நைக்கி அனுமதி பெற்றது இவ்விரு தரப்பிடமே.

மக்கார்ட்னியை வணிகம் அறியாத துறவியாகக் காட்டவும் தேவையில்லை. அமெரிக்கப் பாடகர் பட்டி ஹொலியின் பாடல்கள் உட்படப் பிறருடைய உரிமைகளை வாங்கிச் செல்வம் பெருக்கியவர் அவர்.

பீட்டில்ஸின் சொந்த நிறுவனமான ஆப்பிள் (கணினி நிறுவனம் அல்ல) 1987 ஜூலையில் நைக்கி மீதும் ஒலிப்பதிவு நிறுவனங்கள் மீதும் வழக்குத் தொடுத்தது. லெனனின் மனைவி யோகோ ஓனோவின் ஆதரவு தமக்கிருந்ததாக ஒலிப்பதிவுத் தரப்பு வாதிட்டமை இவ்விவகாரத்தின் சிக்கலான பகுதி. வழக்கு 1989இல் இணக்கத்தில் முடிந்தது.