டோனி ஜாவுக்குப் பக்கத்தில் நின்றவர்

தாய்லாந்து அடிதடிப் படமான 'ஓங் பாக்' (2003) பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் அதன் நாயகன் டோனி ஜாவின் முழங்காலையும் முழங்கையையும்தான் சொல்கிறார்கள். கயிறு இல்லை, வரைகலை இல்லை, எல்லாம் நிஜ அடி என்று வியக்கிறார்கள். வியக்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் படத்துக்கு உயிர் கொடுத்தவர் இன்னொருவர். தலைமுடிக்குச் சாயம் பூசி, ஊர்ப்பெயரை மறைத்து, 'ஜார்ஜ்' என்று சொல்லிக்கொண்டு திரியும் அந்தச் சில்லறை மோசடிக்காரனாக நடித்த பெட்தாய் வோங்கம்லாவ். தாய்லாந்து மக்களுக்கு அவர் மம் ஜொக்மொக்.

1965இல் யாசோதோன் மாகாணத்தில் பிறந்தவர். ஈசான் என்னும் அந்த வடகிழக்குப் பகுதியிலிருந்துதான் பாங்காக்கின் டாக்சி ஓட்டுநர்களும் வீட்டு வேலை செய்யும் பெண்களும் கட்டடத் தொழிலாளர்களும் பெருமளவில் வருகிறார்கள். அவர்களுடைய பேச்சு லாவோ மொழியின் நெருங்கிய உறவு. தாய்லாந்துத் தொலைக்காட்சி நாடகங்களில் அந்தப் பேச்சு காதில் விழுந்தால், வேலைக்காரியோ ஏமாளியோ வரப்போகிறார் என்று பார்வையாளர்களுக்குத் தெரியும்.

மம் தொழில் பழகியது பாங்காக்கின் கஃபே மேடைகளில். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் சாப்பிட்டுக்கொண்டும் குடித்துக்கொண்டும் இருப்பார்கள். அவர்களைத் தலைநிமிர வைக்க வேண்டும். சக நடிகரின் மண்டையில் தட்டால் ஓங்கி அடிப்பது அந்த மேடைகளின் பழைய உத்தி. அங்கே பழகிய சமயோசிதத்தோடு அவர் தொலைக்காட்சிக்கு வந்தார். 'சிங் ரோய் சிங் லான்' நிகழ்ச்சியில் தெங், நோங் என்ற நகைச்சுவை நடிகர்கள் இருவருடனும் சேர்ந்து அவர் அடித்த கூத்து ஒரு தலைமுறைக்கே பொழுதுபோக்கு.

ஓங் பாக்கில் சந்துகளுக்குள் நடக்கும் துரத்தல் காட்சியைப் பாருங்கள். டோனி ஜா தடைகளையெல்லாம் தாண்டிப் பறக்கிறார். ஜார்ஜோ மூச்சு வாங்க ஓடுகிறான். கையில் ஒரு கத்தி கிடைத்ததும் துரத்தியவர்கள் பின்வாங்குகிறார்கள். அவன் முகத்தில் வீரம் ஏறுகிறது. அந்த நேரம் பார்த்துக் கத்தி விற்கும் பெண்மணி அந்த வழியாக வருகிறார்! மறுகணம் அதே முகம் வெளிறிப்போவதைப் பார்க்க வேண்டும். பறப்பவனை வியக்கலாம், பயப்படுபவனோடுதான் நாம் சேர்ந்து ஓட முடியும். ஊரில் திருடுபோன புத்தர் சிலையின் தலையைத் தேடி வந்த ஊர்க்காரன் டோனி ஜாவின் பணத்தையே திருடிப் பந்தயம் கட்டிய அதே ஜார்ஜ், கடைசியில் சம்மட்டி அடிக்கு நடுவே அந்தப் புத்தர் தலையை மார்போடு அணைத்துக்கொள்ளும்போது நமக்குத் தொண்டை அடைப்பதற்கும் இதுதான் காரணம். அவரைச் 'சிரிப்புக்குச் சேர்த்த துணைப்பாத்திரம்' என்று எழுதும் விமர்சகர்கள் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

அதைவிட முக்கியமானது 2005இல் அவரே இயக்கி நடித்த 'யாம் யாசோதோன்'. 'தி பாடிகார்ட்' படத்தை இயக்கி முடித்து, ஓங் பாக்கின் புகழும் கையில் இருந்த நேரம். இன்னும் நாலு அடிதடிப் படம் எடுத்திருக்கலாம். அவர் தன் ஊருக்குப் போனார். 1960களின் கிராமம், கண்ணைப் பறிக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சைச் சட்டைகள், பழைய தாய்லாந்துப் படங்களின் பாணியில் காதல். பாத்திரங்கள் பேசுவது ஈசான் மொழி. தாய்லாந்துத் திரையரங்கிலேயே கீழே தாய்லாந்து மொழியில் எழுத்து ஓடியது! இத்தனை காலம் வேலைக்காரி வாயில் மட்டும் கேட்ட பேச்சில் இப்போது காதலர்கள் கொஞ்சினார்கள், பெரியவர்கள் அதட்டினார்கள், எல்லோரும் வாழ்ந்தார்கள். தலைநகரத்துக்காரர்கள் எழுத்தைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. படம் நன்றாக ஓடி, 2009இலும் 2013இலும் அடுத்த பாகங்கள் வந்தன.

அந்தப் படத்தில் எனக்கு ஏற்பில்லாததும் உண்டு. நாயகனைத் துரத்தித் துரத்திக் காதலிக்கும் பெண்ணின் தோற்றத்தை வைத்து அத்தனை கேலி தேவையில்லை. கஃபே மேடையின் கெட்ட பழக்கம் அது. தன் மண்ணின் பேச்சைக் கேலியிலிருந்து மீட்ட கலைஞர், அந்தப் பெண்ணையும் மீட்டிருக்கலாம். அவரால் முடியாத காரியமல்ல, ஜார்ஜாக நடித்தவர் அவர்.