செல்லம் வேண்டாம், பதில் போதும்

முகம் தெரியாதவர்கள் உறவு சொல்லிக் கூப்பிடுவதற்கெல்லாம் முகம் சுளித்தால் மதுரையில் ஒரு பொழுது நடமாட முடியாது. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் "தாயி, ரெண்டு முழம் வாங்கிட்டுப் போ" என்று அழைக்கும் மூதாட்டிக்கு நான் யார் வீட்டுப் பெண் என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் நகர்ந்தால் அதே வாய் என்னை ஏசவும் செய்யும். அந்தத் தாயியில் வியாபாரம் கலந்திருப்பது இருவரும் அறிந்ததே. இருந்தாலும், "என்ன ஆத்தா, மல்லி இந்த விலை சொல்ற?" என்று நானும் பதிலுக்கு உரிமை எடுத்துக்கொள்ள முடிகிறது. அதனால் எனக்கு அதில் வருத்தமே இல்லை.

என் வருத்தமெல்லாம் பதிலுக்குக் கூப்பிட முடியாத இடங்களைப் பற்றியது. என் மாமியார் திருமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அண்மையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவரை, பேத்தி வயதுப் பணியாளர் ஒருவர், "வா பாட்டி செல்லம், சமத்தா இங்க உட்காரு" என்று அழைத்தார். அதே வரிசையில் கால்சட்டையும் கைப்பையுமாக நின்ற, ஏறக்குறைய மாமியாரின் வயதே இருக்கும் ஒருவருக்கு "சார், ஒரு நிமிஷம் உட்காருங்க" என்ற மரியாதை கிடைத்தது. நூல் சேலைக்குச் செல்லம், கால்சட்டைக்கு சார். பிறகு, ரசீதில் ஒரு தொகை ஏன் இரண்டு முறை வந்திருக்கிறது என்று மாமியார் கேட்டபோது, "அதெல்லாம் உங்க பையன்கிட்ட சொல்லிக்கிறோம் பாட்டி" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை, பதிலின் இடத்தில் கொஞ்சல்தான் வந்தது.

அன்பாகத்தானே பேசினார்கள், இதையும் குற்றம் சொல்லலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2009இல் அமெரிக்காவின் கான்சாஸில் கிறிஸ்டின் வில்லியம்ஸ் என்ற செவிலியர் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், முதியோர் இல்லங்களில் மறதிநோயோடு வாழ்பவர்களைக் காணொளியில் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். குழந்தையிடம் பேசுவது போலப் பேசியபோது அவர்கள் பராமரிப்புக்கு ஒத்துழைக்க மறுப்பது கூடியது என்பது அந்த ஆய்வின் முடிவு. நினைவு மங்கியவர்களுக்கே அந்தத் தொனி உறுத்துகிறது என்றால், பள்ளிக்கூடத்தையே கட்டி ஆண்ட ஒருவருக்கு எப்படி இருந்திருக்கும்? (கைப்பேசியில் "மச்சி, பசிக்குதா?" என்று நச்சரிக்கும் செயலிகளைப் பற்றி நான் பேசவே வரவில்லை. அவற்றை வாயை மூடச் செய்ய ஒரு பொத்தானாவது இருக்கிறது.)

எதிர்த்திசையில் நடப்பது இன்னும் மோசம். விளக்குத்தூண் பக்கத்துத் துணிக்கடைகளில் வேலை பார்க்கும் பெண்களை "கண்ணு, அந்தச் சேலையை எடு", "செல்லம், இன்னொரு கலர் காட்டு" என்று ஏவும் ஆண் வாடிக்கையாளர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பூக்காரப் பாட்டியிடம் நான் பேசுவது போல அந்தப் பெண் பதில் பேசினால் வேலை போய்விடும் என்பதால் சிரித்துவிட்டுச் சேலையை விரிக்கிறார். கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் திருத்தம் கொண்டுவந்தது. கால் வலியைச் சட்டத்தில் எழுதிவிடலாம். இந்தச் சிரிப்பைச் சிரிக்க வேண்டியிருப்பதை எந்தப் பிரிவில் எழுதுவது? அதைக் கடை முதலாளிதான், வாடிக்கையாளர் முகத்துக்கு நேராகச் சொல்லித் தடுக்க வேண்டும். ஒரு சேலை விற்காமல் போனாலும் பரவாயில்லை என்று அவர் நினைக்க வேண்டும்.

மருத்துவமனைக்காரர்களுக்கு அந்தச் சிரமமும் இல்லை. என் மாமியாரின் பெயர் அவர்கள் கொடுத்த கோப்பின் முதல் வரியிலேயே அச்சாகியிருக்கிறது. அந்தப் பெயரோடு ஓர் அம்மாவைச் சேர்த்துக் கூப்பிட்டு, அந்த இரட்டைத் தொகைக்கு அவரிடமே கணக்குச் சொல்லட்டும்.