மேலே ஏறும் முன் பெட்ரோலை அளந்து பாருங்கள்

சொந்தமாகக் கட்டிய விமானம் சோதனை ஓட்டத்தில் விழுந்தால், உடனே 'என்ஜின் கோளாறு' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பல நேரம் என்ஜின் நன்றாகத்தான் இருக்கும், அதற்குப் பெட்ரோல் போய்ச் சேர்ந்திருக்காது. என்ஜின் கம்பெனியிலிருந்து வருகிறது. டேங்க், குழாய், ஃபில்டர், வால்வு எல்லாம் பெரும்பாலும் கட்டியவரே பூட்டியது. டேங்க்கில் பூசிய சீலன்ட் துணுக்கு ஒன்று உதிர்ந்து ஃபில்டரில் அடைத்தாலே போதும். டேங்க்குக்குக் காற்று போகும் துளை அடைபட்டாலும் அதே கதிதான்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. அங்கே தனியார் சிறு விமானங்களில் சுமார் 10 சதவீதம்தான் இப்படிக் கட்டியவை. ஆனால் 2011இல் நடந்த விபத்துகளில் 15 சதவீதமும், உயிர் போன விபத்துகளில் 21 சதவீதமும் இவற்றுடையவை. அதிகம் நடந்தவை இரண்டு: என்ஜின் சக்தி போவது, விமானம் கட்டுப்பாட்டை இழப்பது. பறக்க அனுமதி தரும் முன்பே எரிபொருள் அமைப்பைச் சோதித்து எழுதி வைக்க வேண்டும் என்று வாரியம் பரிந்துரைத்தது.

அந்தச் சோதனைக்குப் பெரிய செலவு கிடையாது. வாலைப் பள்ளத்தில் இறக்கி, ஏறும்போது இருக்கும் அளவுக்கு மூக்கைத் தூக்கி நிறுத்த வேண்டும். டேங்க்கில் கொஞ்சம்தான் பெட்ரோல் இருக்க வேண்டும். கார்புரேட்டரில் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பகுதி) குழாயைக் கழற்றி, அளவு போட்ட கேனில் விட்டு, நேரம் பார்க்க வேண்டும். பம்ப் இல்லாமல் தானாக இறங்கும் அமைப்பு என்றால், முழு த்ராட்டிலில் என்ஜின் குடிப்பதைப் போல ஒன்றரை மடங்கு வர வேண்டும். மணிக்கு 30 லிட்டர் குடிக்கும் என்ஜினுக்கு 4 நிமிடத்தில் 3 லிட்டர். பம்ப் இருந்தால் ஒன்றேகால் மடங்கு. தரையில் மட்டமாக நிற்கும்போது முழு வேகத்தில் ஓடியது என்பது போதாது. மூக்கு தூக்கினால் டேங்க்குக்கும் கார்புரேட்டருக்கும் உள்ள உயர வித்தியாசம் குறையும், வரத்தும் குறையும்.

நம்ம ஊர் வெயிலுக்குத் தனிக் கவனம் வேண்டும். மே மாதத்தில் விமானத்தைத் தரையில் ஓட்டிவிட்டு ரன்வேயில் காத்திருந்தால் சூடேறிய குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகும். மார்கழிக் காலை ஈரக்காற்றில் கார்புரேட்டருக்குள் ஐஸ் பிடிக்கும். சென்னையில் ஐஸா என்று கேட்கலாம். பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் சட்டென்று இறங்கிவிடும், வெளியே 25 டிகிரி இருந்தாலும் ஈரப்பதம் இருந்தால் பிடிக்கும். அப்புறம், பங்க்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோலை எல்லா ரப்பர் ஹோஸும் தாங்காது.

சொந்தமாக விமானம் கட்டும் ஆசை நமக்குப் புதிதில்லை. 1910இல் மவுன்ட் ரோடு ஓட்டல்காரர் டி'ஏஞ்சலிஸ், சிம்ப்சன் கம்பெனியில் செய்த தன் விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார்.

இவ்வளவு பார்த்தும் ஏறும்போது என்ஜின் நின்றால்? உடனே மூக்கைத் தாழ்த்தி, நேராகக் கண்ணுக்கு எதிரே இருக்கும் வெட்டவெளியில் இறக்க வேண்டும். வருடக்கணக்கில் கட்டியவருக்கு ரன்வேக்குத் திரும்பத்தான் மனசு வரும். தாழ்வான உயரத்தில், வேகம் குறைந்த நேரத்தில் அப்படித் திருப்புவதில்தான் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்கும் விசையை இழந்து, உயிர் போகிறது. எந்த உயரத்துக்குக் கீழே திரும்பக் கூடாது என்பதைக் கிளம்பும் முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சுற்றிலும் வீடுகள் நெருக்கமாக இருக்கும் ரன்வேயில் முதல் ஓட்டமே வேண்டாம்.

சென்னைக் கல்லூரிகளில் விமானம் கட்டும் பிள்ளைகள் யாராவது இருந்தால் எழுதுங்கள். கேனும் ஸ்டாப்வாட்சும் எடுத்துக்கொண்டு நானே அளக்க வருகிறேன்.