அது பேய் பங்களா இல்லை, கடை

காலையிலிருந்து அந்த ரீலை ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். அண்ணா சாலையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு முனையில் இருக்கிற பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தின் முன்னால் நின்றுகொண்டு, பின்னணியில் நாய் ஊளையிடுகிற சத்தத்தையும் போட்டு, "இந்தப் பேய் பங்களாவை இடித்தால் எத்தனை கார் நிறுத்தலாம்" என்று கேட்கிறார் அந்தத் தம்பி. கமென்டில் ஒரே சிரிப்பு.

முதலில் அது பங்களாவே இல்லை. கடை. 1897-இல், விக்டோரியா ராணி உயிரோடு இருந்த காலத்தில், டபிள்யூ.ஈ. ஸ்மித் கம்பெனிக்காகக் கட்டிய கடை. மருந்தும் மூக்குக்கண்ணாடியும் ஆபரேஷன் கருவிகளும் விற்றார்கள். அப்போது அதற்குக் கார்டில் பில்டிங் என்று பெயர். 1934-இல் பாரத் இன்சூரன்ஸ் வாங்கியது, அப்புறம் ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆனபோது எல்ஐசி கைக்குப் போனது.

மருந்துக் கடைக்கு எதற்கு இத்தனை கோபுரம், குவிமாடம் என்று கேட்கலாம். அதுதான் விஷயமே. நியான் போர்டு இல்லாத காலத்தில் அந்தக் கோபுரங்கள்தான் விளம்பரம். தூரத்தில் வண்டியில் வருகிறவன் கண்ணில் பட வேண்டும், பட்டால் இறங்கி உள்ளே வர வேண்டும். வளைவு வளைவாகத் தாழ்வாரம் வைத்தது அழகுக்கு மட்டுமா? மெட்ராஸ் வெயில் சுவரில் நேராக அடிக்காமல் இருக்கவும்தான். கொஞ்சம் முகலாயம், கொஞ்சம் கோதிக், எல்லாம் கலப்படம் என்று மூக்கைச் சுளிக்கிற படித்தவர்களும் உண்டு. கலப்படம்தான் சாமி, கடைக்காரன் கூட்டம் சேர்க்கக் கட்டியது வேறெப்படி இருக்கும்?

"வெள்ளைக்காரன் கட்டியதுதானே, அடிமைச் சின்னம்" என்று ஒரு கமென்ட். இதுதான் என்னைக் குத்தியது. என் தாத்தா கொத்தனார். அந்தக் கட்டடத்துக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவர் பிறந்ததே பிறகுதான். ஆனால் சுண்ணாம்பை அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்து, அது பதமாகும்வரை யாரையும் கிட்டே விடமாட்டார். கை முழுக்க வெடிப்பு. சோறு பிசையும்போது எரியும், அதையும் சொல்லமாட்டார். வரைபடம் போட்ட ஜே.எச். ஸ்டீபன்ஸ் வெள்ளைக்காரர், சரி. அவரா சாரத்தில் ஏறிச் செங்கல் அடுக்கினார்? அந்தக் கைகளுக்கெல்லாம் பெயர் எங்கேயும் எழுதவில்லை. இருக்கிற ஒரே அத்தாட்சி அந்தச் சுவர்தான், அதையும் இடித்துவிட்டு கார் நிறுத்தலாம் என்கிறீர்கள். நன்றாக நிறுத்துங்கள்.

ஆபத்தான கட்டடம், தலையில் விழுந்தால் யார் பொறுப்பு என்பீர்கள். முட்டுக் கொடுங்கள், செடியைப் பிடுங்குங்கள், ஓட்டையை அடையுங்கள். வருடக்கணக்கில் எதுவும் செய்யாமல் விட்டுவிட்டு "அடடா, பழசாகிவிட்டது" என்பது எந்த ஊர் நியாயம்? 2006-இல் இடிக்கவே தொடங்கினார்கள், பழைய கட்டடங்களைக் காப்பாற்றப் பாடுபடுகிற இன்டாக் அமைப்பு கோர்ட்டுக்குப் போய்த்தான் நிறுத்தியது. செலவு யார் செய்வது என்று அடுத்த கேள்வி வரும். மேம்பாலத் தூணுக்கு கலர் லைட் போடும்போது இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இதே சாலையில் ஸ்பென்சர் இருந்தது. அதுவும் கடைதான், அதுவும் விக்டோரியா காலத்துச் செங்கல்தான். எண்பதுகளில் தீயில் போனது. இப்போது அந்த இடத்தில் இருப்பது உங்களுக்கே தெரியும். அதன் பழைய போட்டோ எங்கேயாவது வந்தால் மட்டும் "ஆஹா, அந்தக் கால மெட்ராஸ்" என்று இதயம் போடுகிறீர்கள். எரிந்துபோனதற்கு இதயம், நிற்பதற்குப் புல்டோசர்.

"நீ என்ன வெள்ளைக்காரனுக்கு அடிமையா" என்று கீழே கேட்கப் போகிறவர்கள் கேளுங்கள். ஆனால் 1892-இல் திறந்த ஹைகோர்ட் வேலையிலும் அதே ஸ்டீபன்ஸ் இருந்திருக்கிறார். அதை எப்போது இடிக்கலாம் என்று தேதியையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.