காண்டால்ஃப் செத்தாலும் நிற்காத கதை

ஒரு நாவலை வைத்து கேம் வந்தால் முதலில் கேட்கப்படும் கேள்வி, "புத்தகத்துல இருக்கிற மாதிரியே இருக்கா?" என்பதுதான். அந்தக் கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது என்பது என் கட்சி. என் தரப்புக்கு நான் எப்போதும் இழுத்துவரும் சாட்சி, 1982இல் வெளிவந்த 'தி ஹாபிட்'.

டோல்கின் நாவலைத் தழுவிய டெக்ஸ்ட் அட்வென்ச்சர் அது. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், எதிரே என்ன இருக்கிறது என்பதைத் திரை வாக்கியங்களாகச் சொல்லும். என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்கள் டைப் அடிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் இருந்த பீம் சாஃப்ட்வேர் உருவாக்கியது. மெல்போர்ன் ஹவுஸ் வெளியிட்டது. பிரிட்டனில் வீட்டுக்கு வீடு பரவிக்கொண்டிருந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற கம்ப்யூட்டரில் இது பெரிய அலையானது. கேசட்டிலிருந்து லோட் ஆகும். மொத்த நினைவகமே 48 கேபி, அதிலும் 6,912 பைட் திரைக்கே போய்விடும். காலையில் வாட்ஸப்பில் வந்து விழும் வணக்கப் படம் ஒன்றே இதைவிடப் பெரிதாக இருக்கும். எஞ்சிய இடத்துக்குள் ஒரு உலகம், அதில் நடமாடும் ஆட்கள், கோட்டுப் படங்கள், முழு ஆங்கில வாக்கியத்தையே புரிந்துகொள்ளும் நிரல், எல்லாம்.

இதன் மையத்தை வடிவமைத்தவர் வெரோனிகா மெக்லர். அப்போது மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயன்ஸ் மாணவி, பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தவர். இதுவரை வந்ததிலேயே சிறந்த அட்வென்ச்சர் கேமை எழுது என்பதுதான் நிறுவனத்தின் ஆல்ஃபிரட் மில்க்ரோம் அவருக்குக் கொடுத்த வேலை. உடன் படித்த ஃபிலிப் மிட்செல் வாக்கியங்களைப் பிரித்துப் புரிந்துகொள்ளும் பகுதியைக் கவனித்தார். ஸ்பெக்ட்ரமுக்குக் கொண்டுவந்ததிலும் அவர் பங்கு பெரியது. மெக்லர் அதற்கு முன் 'கொலோசல் கேவ்' என்ற பழைய டெக்ஸ்ட் அட்வென்ச்சரை விளையாடியிருந்தார். புதிர்களை அவிழ்த்து முடித்த பிறகு அதில் செய்ய ஒன்றுமில்லை, மறுபடி ஆடினாலும் அதேதான் நடக்கும். அந்தச் சலிப்பிலிருந்துதான் இந்த கேம் பிறந்தது.

அவர் செய்தது என்னவென்றால், கதாபாத்திரங்களுக்குச் சொந்தமாக வேலை கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு செயல் பட்டியல். உங்கள் முறை முடிந்ததும் அவரவர் தன் பட்டியலிலிருந்து எதையாவது செய்வார், நீங்கள் அந்த அறையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும். பொருள்களுக்கும் எடை, அளவு, உறுதி என்று கணக்கு உண்டு. நீங்கள் ஒன்றும் டைப் அடிக்காமல் யோசித்துக்கொண்டே இருந்தால், நேரம் போகிறது என்று கேம் தானாகவே சொல்லிவிட்டு அடுத்த காரியத்துக்குப் போய்விடும். உங்களுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

இதை எமுலேட்டரில் (பழைய கம்ப்யூட்டரைப் போல நடந்துகொள்ளும் மென்பொருளில்) ஆடிப் பார்த்தபோதுதான் அதன் வீச்சு எனக்குப் புரிந்தது. தொடக்கத்தில் நாம் ஆடும் பாத்திரமான பில்போவின் வீடு, பச்சை நிற வட்டக் கதவு. மந்திரவாதி காண்டால்ஃப் நம் கையில் ஒரு வரைபடத்தைக் கொடுப்பார். குள்ளர்களின் தலைவர் தோரின் உட்கார்ந்து தங்கத்தைப் பற்றிப் பாட ஆரம்பிப்பார். கொஞ்சம் தாமதித்தால் சீக்கிரம் கிளம்பு என்பார். ஆபத்தான இடத்திலும் அதே பாட்டுதான். முதலில் வேடிக்கையாக இருக்கும், பிறகு கோபம் வரும், அதற்கும் பிறகு அந்த மனுஷனை விட்டுவிட்டுப் போக மனசு வராது.

காப்ளின்கள் எனும் கொடிய பிராணிகளின் சிறையில் மாட்டிக்கொள்ளும் இடத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஜன்னல் பில்போவுக்கு எட்டாது. கூட தோரின் இருந்தால், "சே டு தோரின் கேரி மீ" என்று டைப் அடித்து, தூக்கச் சொல்லி வெளியேறலாம். ஆனால் அவர் கேட்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மறுபடி கேட்க வேண்டும், கெஞ்ச வேண்டும். புத்தகத்தில் இப்படி ஒரு காட்சி கிடையாது. ஆனாலும் பிடிவாதக்கார தோரினையும், தோள் கொடுக்க ஆள் தேவைப்படும் சின்ன உருவமான பில்போவையும் இதைவிட நன்றாக யார் காட்டிவிட முடியும்?

ஸ்மாக் டிராகனும் அப்படித்தான். நாவலில் வில்லாளி பார்டின் அம்பு அதை வீழ்த்தும்போது பில்போ அங்கே இல்லவே இல்லை. கேமில் பார்டைக் கூட்டிக்கொண்டு போய், அம்பு விடச் சொல்லலாம். வழியில் பார்ட் யாரோடாவது சண்டை போட்டுச் செத்துப்போயிருந்தால் வேறு வழி பார்க்க வேண்டியதுதான். காண்டால்ஃப்கூடச் சாகலாம், கேம் நிற்காது.

கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 14.95 பவுண்டு விலையில், கேசட்டோடு நாவலையும் சேர்த்தே விற்றார்கள். கதை வேண்டுமா, புத்தகம் பெட்டியிலேயே இருக்கிறது. அதே கதையை எதற்குத் திரையில் மறுபடி ஒப்பிக்க வேண்டும்? அந்தக் காட்டில், அந்த ஆட்களோடு, முடிவு தெரியாமல் திரிய விடுவதுதான் புத்தகத்தால் முடியாத காரியம். மெக்லர் அதைச் செய்தார்.

பின்னால் வந்தவற்றில் எனக்குக் குறைதான் அதிகம். டெலேரியம் நிறுவனம் ரோஜர் ஜெலாஸ்னியின் 'நைன் பிரின்சஸ் இன் ஆம்பர்' நாவலை எடுத்தது. பேச்சுக்கு முக்கியத்துவம் கொடுத்த நல்ல முயற்சி, ஆனால் உலகம் நம் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதைக்கு வந்தபோது அதே பீம் சாஃப்ட்வேரால்கூட அந்த உயிர்ப்பைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை என்பது என் எண்ணம்.

பிழைகள் நிறைய இருந்தன, மறுக்கவில்லை. இவ்வளவு பெரிய, சிக்கலான கேம் முழுக்கப் பிழையில்லாமல் இருக்கும் என்று உறுதி தர முடியாது என்று கையேட்டிலேயே சொல்லிவிட்டார்கள். ஆளாளுக்குத் தன்னிச்சையாக நடக்கும் உலகத்தை எந்தச் சோதனையிலும் முழுசாகப் பார்த்துவிட முடியாது. எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிவைத்த, பிழையே இல்லாத கேமைவிட எனக்கு இதுதான் பெரிது. அதற்கான புகழ் மெக்லருக்கு அப்போது கிடைக்கவில்லை என்பதுதான் வருத்தம். படிப்பு முடிந்து ஐபிஎம் வேலைக்குப் போய்விட்டார். பல வருஷம் கழித்துத்தான் பேட்டிகளில் அவர் பெயர் பரவலாக அடிபட ஆரம்பித்தது.

ஸ்பெக்ட்ரம் எமுலேட்டரில் இன்றைக்கும் ஆடலாம். தீர்வைத் தேடிப் படித்துவிட்டு உட்காராதீர்கள், ஒரு தாளில் வரைபடம் போட்டுக்கொண்டே போங்கள். ஆடி முடித்தவர்கள், உங்கள் ஆட்டத்தில் யார் எங்கே செத்தார்கள், தோரின் எதுவரை கூட வந்தார் என்று கமெண்ட்டில் எழுதுங்கள். இரண்டு பேர் கதை ஒன்றாக இருக்காது என்று நினைக்கிறேன்.